ஆலையை மூடியது யார்?

சிம்பாங் பூலாயில் அறுபது வயதைக் கடந்தவர்களிடம் புக்கிட் மேரா ஆலையைப் பற்றிக் கேட்டால், பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கும்: "கேஸ் போட்டாங்க, ஜெயிச்சாங்க, கோர்ட்டு மூடிடுச்சு." மூன்று வினைச் சொற்களில் முடிந்துவிடும் வரலாறு. அதில் முதல் வினை உண்மை. இரண்டாவது பாதி உண்மை. மூன்றாவதை எந்த ஆவணமும் உறுதி செய்யவில்லை. இந்தக் கட்டுரை அந்த மூன்றாவது வினையைத் தேடிப் போன கதை.

முதலில் இடம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்குத் தென்கிழக்கே, கோப்பெங் செல்லும் பழைய சாலையில் இருக்கிறது சிம்பாங் பூலாய். கிழக்கே சுண்ணாம்புக் குன்றுகளும் கல்லுடைப்புகளும். அவற்றுக்கு அப்பால் கேமரன் மலைக்கு ஏறும் சாலை. மேற்கே பார்த்தால் கிந்தா பள்ளத்தாக்கின் மறுகரையாக கிளெடாங் மலைத்தொடர் நீண்டு கிடக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் மாறி மாறி இருந்தன. கிளெடாங்கின் அடிவாரத்தில், ஈப்போவிலிருந்து சுமார் எட்டு கிலோமீட்டரில் உள்ள சீனப் புதுக்கிராமம் புக்கிட் மேரா. ஏஷியன் ரேர் எர்த் என்ற நிறுவனத்தின் ஆலை அங்கேதான் இருந்தது.

"கோர்ட்டு மூடியது" என்ற நினைவுக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 1992 ஜூலை 11 அன்று ஈப்போ உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பே சுவீ சின் அளித்த தீர்ப்பு அச்சிடப்பட்ட சட்ட அறிக்கைகளில் இருக்கிறது. கிராமவாசிகள் வென்றார்கள், ஆலை 14 நாளுக்குள் செயல்பாட்டை நிறுத்த வேண்டும் என்பது ஆணை. தீர்ப்பின் தலைப்பிலேயே வாசகரை நிறுத்தும் ஒரு குறிப்பு உண்டு. வழக்குத் தொடுத்த எட்டுப் பேரில் முதலாமவரின் பெயருக்குப் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், 'காலமானவர்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். வழக்கு அவருடைய ஆயுளைவிட நீண்டது என்று மட்டுமே அந்தக் குறிப்பு சொல்கிறது. அவர் எதனால் இறந்தார் என்பதற்கு அதைச் சான்றாக்க முடியாது. இந்த வழக்கின் தாள்களைப் புரட்டும்போது இப்படி ஒன்றைப் பார்த்து மற்றொன்றை முடிவு செய்துவிடும் ஆசை அடிக்கடி எழும். ஒவ்வொரு முறையும் கையைக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்தத் தீர்ப்பை இறுதிச் சொல்லாக எடுத்துக்கொண்டவர்கள் அடுத்த தாளைப் பார்க்கவில்லை. ஆணையின் 14 நாள் முடிவதற்குள்ளேயே நிறுவனம் உச்ச நீதிமன்றத்தை நாடி இடைக்காலத் தடை பெற்றது. ஆகஸ்ட் மாதம் அந்தத் தடை மேல்முறையீடு முடியும்வரை நீட்டிக்கப்பட்டது. 1993 டிசம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் ஈப்போ தீர்ப்பையே புரட்டிப்போட்டது. சட்டத்தின் கணக்கில் கிராமவாசிகள் தோற்றார்கள், ஆலை ஓடலாம்.

அடுத்த தேதி 1994 ஜனவரி 19. ஆலையை மூடப்போவதாக நிறுவனமே அறிவித்த நாள் அது. இரண்டு தேதிகளுக்கும் இடையே 27 நாள். வழக்கில் வென்றவர் ஒரே மாதத்துக்குள் ஏன் கடையைக் கட்ட வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை தேட, தீர்ப்புகளை விட்டுவிட்டு மண்ணிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

ஈயத் தாதைக் கழுவிப் பிரித்த பிறகு மிஞ்சும் கனமான கறுப்பு மணலைக் கிந்தா பள்ளத்தாக்கில் 'அமாங்' என்பார்கள். சுரங்கக்காரர்களுக்கு ஒரு காலத்தில் அது கழிவு. ஆனால் அதற்குள் இல்மனைட், சிர்க்கான், மோனசைட் போன்ற கனிமங்கள் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருப்பதும் இதே மோனசைட்தான். அதிலிருந்து அருமண் தனிமங்களைப் பிரித்தெடுக்கலாம். மின்னணுத் தொழிலில் அவற்றுக்கு நல்ல விலை. பிரித்தெடுத்த பின் எஞ்சுவது தோரியம் கலந்த கழிவு. தோரியத்தின் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைவதற்கு ஆகும் காலம், ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டு. ஆலை எவ்வளவு காலம் ஓடினாலும் அதன் கழிவுக்குக் காவல் இருக்க வேண்டிய காலம் அதைவிட நீண்டது. வழக்கின் முழுப் பாரமும் இந்த ஒரு வேறுபாட்டில் இருக்கிறது.

நிறுவனம் 1979 நவம்பரில் பதிவானது. ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கல் நிறுவனத்துக்கும் பே மினரல்ஸ் என்ற உள்ளூர் நிறுவனத்துக்கும் தலா 35 விழுக்காடு பங்கு; எஞ்சியதில் ஹஜ் யாத்திரை நிதி வாரியமான தாபோங் ஹாஜிக்கும் பங்கு உண்டு. 1982 ஜூலையில் ஆலை ஓடத் தொடங்கியது. கழிவை எங்கே வைப்பது என்பதற்கு அப்போது உறுதியான விடை இல்லை. முதலில் பாரிட் என்ற இடம் பார்க்கப்பட்டது, ஊர்மக்கள் எதிர்த்தார்கள். பிறகு ஈப்போவிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாப்பான் என்ற பழைய ஈயச் சுரங்க ஊர் தேர்வானது. அங்கே பள்ளங்கள் தோண்டப்படுவதை 1983 இறுதியில் மக்கள் தாங்களாகவே கண்டுபிடித்தார்கள். யாரும் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை.

அரசு சாரா அமைப்புகள் ஆவணங்களில் தலைகாட்டத் தொடங்குவது இந்த இடத்தில்தான். எஸ். எம். முகமது இட்ரிஸ் தலைமையில் இயங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தைத் தமிழ் வாசகர்களுக்கு அதன் தமிழ் வெளியீடுகள் வழியாகவும் தெரியும். அதன் உடன்பிறப்பான சஹாபாட் ஆலாம் மலேசியா சுற்றுச்சூழலுக்கென அமைந்தது. உள்ளூரில் பேராக் கதிரியக்க எதிர்ப்புக் குழு உருவானது. 1984 மே மாதம் பாப்பானிலும் சுற்று ஊர்களிலும் சுமார் 6,700 பேர் கையெழுத்திட்ட மனு அரசுக்குப் போனது, சாலை மறிக்கப்பட்டது, ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்தாயிற்று, பணி தொடரும் என்பது அரசின் பதில்.

அந்த ஆண்டின் தாள்களில் மிகக் கனமான ஒன்று அரசே வரவழைத்துக்கொண்டது. அனைத்துலக அணுசக்தி முகமையின் மூவர் குழு அரசின் அழைப்பின் பேரில் பாப்பானுக்கு வந்தது. தோண்டியிருந்த பள்ளங்கள் பாதுகாப்பானவை அல்ல என்றது. இந்தக் குழு மக்களின் பக்கத்தவர் அல்லர். அணுத்தொழிலை எதிர்ப்பவர்களும் அல்லர். எதிர்த்தரப்பு அழைத்து வந்த சாட்சி நம் பக்கம் பேசினால் அதன் எடை இரட்டிப்பு. 1985 ஜனவரியில் அரசு பாப்பானைக் கைவிட்டு, கிளெடாங் மலைத்தொடரில் வேறு இடம் பார்த்தது. ஆக, இயக்கத்தின் முதல் வெற்றி நீதிமன்றத்துக்கு வெளியே, வழக்கு தொடங்குவதற்கும் முன்பே கிடைத்துவிட்டது. ஊர் நினைவில் இதற்கு இடமே இல்லை.

ஆனால் பள்ளத்துக்குப் போகாத கழிவு வேறெங்கோ இருந்தாக வேண்டும். அது ஆலையின் பக்கத்திலேயே கிடந்தது. 1984 ஆகஸ்ட் இறுதியில் சஹாபாட் ஆலாம் மலேசியா பிரதமருக்கு அனுப்பிய மனுவில் ஓர் எண் இருக்கிறது: ஆலையை ஒட்டிய திறந்த வெளியிலும் குட்டையிலும் அளந்ததில் மிக உயர்ந்த கதிர்வீச்சு ஆண்டுக்கு 43,800 மில்லிரெம். மில்லிரெம் என்பது உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்க அக்காலத்தில் வழங்கிய அலகு. பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 500 மில்லிரெம் என்பதே உயர்ந்தபட்ச வரம்பு. அதைப்போல 88 மடங்கு என்று மனு வாதிட்டது.

43,800 என்பது விசித்திரமான எண். ஓர் ஆண்டு முழுக்கக் கருவியை வைத்து அளந்திருந்தால் இப்படி வழுவழுப்பாக வராது. ஓர் ஆண்டில் 365 நாள், நாளுக்கு 24 மணி, மொத்தம் 8,760 மணி நேரம். 43,800ஐ 8,760 ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் 5 வரும். அப்படியானால் அடிப்படை அளவீடு மணிக்கு 5 மில்லிரெம். அதை ஆண்டின் எல்லா மணிகளாலும் பெருக்கித்தான் அந்தப் பேரெண் பிறந்திருக்க வேண்டும்.

இந்தச் சிறு வகுத்தல் இரண்டு பக்கமும் வெட்டுகிறது. குட்டையருகே மணிக்கு 5 மில்லிரெம் என்றால், ஒரு மனிதர் அங்கே நூறு மணி நேரம் நின்றாலே ஆண்டு வரம்பு தீர்ந்துவிடும். வேலியில்லாத வெளியில் விளையாடும் பிள்ளைகளுக்கு அது ஒரு பருவத்து மாலை நேரங்கள்தான். அளவீடு அச்சமூட்டுவது என்பதில் ஐயமில்லை. ஆனால் குட்டையருகே யாரும் ஆண்டு முழுக்க இரவுபகலாகக் குடியிருப்பதில்லை. ஒரு வேளையில் ஓர் இடத்தில் எடுத்த அளவை ஆண்டாக நீட்டியதை எதிர்த்தரப்பு எப்படித் தாக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. அதே சமயம், நீண்டகால அளவீட்டுக்கு வேண்டிய இடமும் கருவியும் உரிமையும் ஆலையிடமும் அரசிடமும் இருந்தன. வேலிக்கு வெளியே நின்றவர்களிடம் இல்லை. ஜப்பானிலிருந்து வந்த மரபியல் அறிஞர் சாதாவோ இச்சிகாவாவும் ஆலையைச் சுற்றி அளந்தார். அவர் கண்டதும் வரம்பை வெகுவாகத் தாண்டிய அளவுகள். இருவேறு கைகள், வெவ்வேறு நேரம், ஒரே திசை. தனித்தனியே ஐயத்துக்கு இடம் தரும் அளவீடுகள் சேர்ந்து நிற்கும்போது உறுதி பெறுகின்றன.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே அளவுகோலும் சுருங்கியது. 1985இல் அனைத்துலகக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் பொதுமக்களுக்கான முதன்மை வரம்பை ஆண்டுக்கு 500இலிருந்து 100 மில்லிரெமாகக் குறைத்தது. புதிய கோலால் அளந்தால் அந்த 88 மடங்கு 438 மடங்காகும். இந்த வழக்கைப் பற்றிய எழுத்துகளில் மடங்குக் கணக்குகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதைப் பார்க்கலாம். பொய் சொன்னார்கள் என்று பாய்வதற்கு முன், எந்த ஆண்டின் வரம்பால் வகுத்தார்கள் என்று பார்ப்பது நல்லது.

இனி 1985 பிப்ரவரி 1. புக்கிட் மேராவின் எட்டுப் பேர் தங்கள் சார்பிலும் சுமார் 10,000 கிராமவாசிகள் சார்பிலும் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்த நாள். மலேசியாவின் அணுசக்தி உரிம வாரியத்தின் வரலாற்றைத் தனியாகப் படித்தால் அங்கும் இதே தேதி வருகிறது. 1984ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டத்தின் கீழ் அந்த வாரியம் அமைக்கப்பட்ட நாள் 1985 பிப்ரவரி 1. வழக்கும் வாரியமும் ஒரே நாளில் பிறந்த இரட்டையர். தற்செயல்தான் என்று வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுக்குப் பிறகு அந்தத் தற்செயலுக்கு ஒரு பொருள் வந்து சேர்ந்தது; அதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

அதே ஆண்டு அக்டோபர் 14இல் நீதிபதி அனுவார் ஜைனல் அபிடின் இடைக்காலத் தடையாணை பிறப்பித்தார்: போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யும்வரை கதிரியக்கக் கழிவை உண்டாக்கவோ வைக்கவோ கூடாது. பத்து நாள் கழித்து, அக்டோபர் 24இல், அனைத்துலக ஈய மன்றத்தின் பணம் தீர்ந்து உலக ஈயச் சந்தை சரிந்தது. கிந்தா பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் அடுத்தடுத்து மூடின. சுரங்கம் இல்லையென்றால் அமாங்கும் குறையும். ஆலையின் முடிவுக்கு அதுவே காரணமாக இருக்கலாமோ? தேதிகள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது மட்டும் காரணமாகிவிடாது. சரிவுக்குப் பிறகு 1987 பிப்ரவரி 6இல் உரிம வாரியத்திடம் உரிமம் பெற்று ஆலை மறுபடி இயங்கியது. மூலப்பொருள் தட்டுப்பாடு அதைக் கொன்றிருந்தால் அப்போதே கொன்றிருக்க வேண்டும். இந்தத் தடயத்தை முற்றிலும் நீக்காமல், ஓரமாக வைக்கிறேன்.

உரிமம் கிடைத்ததும் தெரு மறுபடி நிறைந்தது. ஏப்ரல் 12இல் சுமார் 10,000 பேர் ஊர்வலம் போனார்கள். செப்டம்பர் 7இல் ஈப்போவில் முழு விசாரணை தொடங்கியது. கிராமவாசிகளின் வழக்கறிஞர் மீனாட்சி ராமன். பயனீட்டாளர் சங்கத்தோடும் சஹாபாட் ஆலாமோடும் பணியாற்றியவர். விசாரணையின் முதல் கட்டம் முடிந்து சில வாரமே ஆகியிருந்த நிலையில் தாள்களின் நிறம் மாறுகிறது. இனிப் படிக்க வேண்டியது நீதிமன்றக் குறிப்புகளை அல்ல, கைதானவர்களின் பட்டியலை.

1987 அக்டோபர் 27இல் தொடங்கிய போலீஸ் நடவடிக்கைக்கு 'ஓப்பராசி லாலாங்' என்று பெயர். இசா என்று மக்கள் சொல்லும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டவர்கள் 106 பேர். சில செய்தித்தாள்களின் உரிமம் முடக்கப்பட்டது. இனப் பதற்றத்தைத் தணிக்கவே இந்நடவடிக்கை என்பது அரசின் விளக்கம். 1988இல் நாடாளுமன்றத்தில் வைத்த வெள்ளை அறிக்கையும் தேசப் பாதுகாப்பின் பெயரால் அதை நியாயப்படுத்தியது. பதற்றம் உண்மைதான். சீனப் பள்ளிகளில் மாண்டரின் வழிக் கல்வி பெறாதவர்களை நிர்வாகப் பதவிகளில் நியமித்ததால் எழுந்த தகராறு, இரு தரப்புக் கூட்டங்கள், சவால் பேச்சுகள் எல்லாம் அந்த அக்டோபரில் நடந்தவை.

ஆனால் பட்டியலையும் ஈப்போ வழக்கையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்தால் அந்த விளக்கம் எல்லாப் பெயர்களையும் மூடவில்லை. கட்சித் தலைவர்கள், தொழிற்சங்கத்தவர் வி. டேவிட், பேராக்கின் பி. பட்டு, கர்பால் சிங் ஆகியோரை அரசியல் என்ற தலைப்பில் அடைக்கலாம். அலிரான் அமைப்பின் சந்திரா முசாஃபரை? சரவாக்கில் காடழிப்பை எதிர்த்த ஹாரிசன் ங்காவை? பேராக் கதிரியக்க எதிர்ப்புக் குழுவின் ஹியூ யூன் தாட்டையும் தோழர்களையும்? பாதி நடந்த வழக்கின் வழக்கறிஞர் மீனாட்சி ராமனை? தோரியக் கழிவுக்கும் பள்ளி நியமனத்துக்கும் என்ன உறவு? ஈப்போவில் கிராமவாசிகள் நீதிபதி முன் நிற்க, அவர்களுடைய வழக்கறிஞரையும் குழுத் தலைவர்களையும் நீதிமன்றமே இல்லாத ஒரு சட்டம் கொண்டுபோனது. இரண்டு ஆண்டுத் தடுப்பாணை பெற்ற 40 பேர் போய்ச் சேர்ந்த இடமும் பேராக்தான்: தைப்பிங்குக்கு அருகிலுள்ள கமுந்திங் முகாம். மீனாட்சி ராமனும் குழுவினரும் சுமார் இரண்டு மாதத் தடுப்புக்குப் பின் வெளியே வந்தார்கள், வழக்கு தொடர்ந்தது.

அதுவரை சுற்றுச்சூழல் வழக்காக இருந்தது இந்த இடத்தில் மனித உரிமை வழக்காகிறது என்பது என் கணிப்பு. ஆலைக்கு எதிரான அமைப்பும் காவலில் இருப்போருக்கான அமைப்பும் வேறுவேறல்ல என்பதை அந்தப் பட்டியலே எழுதிக் கொடுத்துவிட்டது. இசா கைதிகளுக்காக நின்ற ஆதரவுக் குழுவின் வழியில் 1989இல் சுவாராம் என்ற மனித உரிமை அமைப்பு உருவானது. இசா சட்டம் நீங்க 2012வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

விசாரணை 1990 பிப்ரவரியில் முடிந்தது. அமர்வு நடந்தது 65 நாள். முதல் நாளுக்கும் கடைசி நாளுக்கும் இடையே 29 மாதம். கிராமவாசிகளின் தரப்பில் மருத்துவர் த. ஜெயபாலன் ஊர்ப் பிள்ளைகளைப் பரிசோதித்துத் திரட்டிய தகவல்கள் இருந்தன; கனடாவிலிருந்து கதிரியக்க நிபுணர் ரோசலி பெர்ட்டல் வந்து சாட்சியம் அளித்தார். இங்கே ஆய்வாளர் மிகவும் மெதுவாக நடக்க வேண்டும். சுமார் 11,000 பேர் வாழ்ந்த அந்தச் சமூகத்தில் ஐந்து ஆண்டுக்குள் எட்டு இரத்தப் புற்றுநோய்கள் கண்டதாகவும், அதற்கு முன் நெடுங்காலம் அப்படி எதுவும் இல்லை என்றும் பின்னாளில் பதிவாகியிருக்கிறது. எட்டு என்பது குடும்பங்களுக்கு முழு உலகம். புள்ளியியலுக்குச் சிறிய எண். ஒவ்வொரு நோய்க்கும் ஆலைதான் காரணம் என்று நிறுவ அந்த எண்ணால் இயலாது. ஆலை காரணமல்ல என்று நிறுவவும் இயலாது. நிறுவனம் பொறுப்பை மறுத்தே வந்தது. 1992 தீர்ப்பு மக்கள் தரப்பை நம்பியது. 1993 தீர்ப்பு நிறுவனத்தின் நிபுணர்களை நம்பியது. சான்று அதேதான், எடை போட்ட தராசு மாறியது.

உச்ச நீதிமன்றம் சொன்ன காரணங்கள் இரண்டு. நிறுவனத் தரப்பு நிபுணர்களின் சோதனைகள் நம்பத்தக்கவை என்பது ஒன்று. மணிக்கு ஐந்து மில்லிரெம் கணக்கில் நாம் முன்பே கண்ட பலவீனம் இங்கே விலை கேட்டிருக்கலாம். கிராமவாசிகள் நீதிமன்றத்துக்கு வருவதற்கு மாறாக அணுசக்தி உரிம வாரியத்திடம் போய் உரிமத்தை ரத்துசெய்யக் கேட்டிருக்க வேண்டும் என்பது மற்றொன்று. அந்த இரட்டைத் தேதியை இப்போது எடுத்துப் பார்க்கலாம். வழக்குத் தொடுத்த நாளில் வாரியத்துக்கு வயது ஒரு நாள்கூட ஆகவில்லை. ஆலைக்கு அது உரிமம் தந்ததோ இரண்டு ஆண்டு கழித்து. முறையிட்டிருக்க வேண்டிய வாசல், முறையிட வேண்டியிருந்தபோது கட்டி முடிக்கப்படவே இல்லை. விசாரணை நடந்த பிந்தைய ஆண்டுகளில் போயிருக்கலாமே என்று ஒருவர் வாதிடலாம். அது நியாயமான மறுப்பு. ஆனால் போக வேண்டியிருந்தது, உரிமம் வழங்கிய அதே வாரியத்திடம்.

அந்த 27 நாளுக்கு இப்போது வருவோம். மூடியது நீதிமன்றம் அல்ல; அது கடைசியாகச் சொன்னது 'ஓடலாம்' என்பதே. ஈயச் சரிவும் சீனாவின் மலிவான அருமண் ஏற்றுமதியும் ஆலையின் கணக்கை இறுக்கியிருக்கும்; ஓரமாக வைத்த தடயத்துக்கு அந்த அளவுக்கு இடம் தரலாம். அவற்றை மட்டும் வைத்துக் கணக்கு நேராகவில்லை. சந்தைக் காரணம் மட்டும் என்றால், மேல்முறையீட்டுக்காக ஒன்றரை ஆண்டு செலவிட்டு, வென்ற கையோடு மூடுவது பொருந்தாது. தோல்வியின் முத்திரையோடு மூட நிறுவனத்துக்கு விருப்பமில்லை, திறந்து வைத்திருக்கவும் தெம்பில்லை என்று வாசித்தால் இரண்டு தேதிகளும் பொருந்துகின்றன. இது அனுமானம்; ஆவணம் அல்ல. பத்து ஆண்டு மனுக்கள், ஊர்வலங்கள், அளவீடுகள், ஜப்பானியப் பங்குதாரரின் சொந்த நாட்டிலேயே எழுந்த கேள்விகள் எல்லாம் சேர்ந்து, ஓட்டுவதன் விலையை மூடுவதன் விலைக்கு மேல் ஏற்றிவிட்டன.

கடைசி ஆவணம் தாளில் இல்லை. ஆலை இருந்த நிலத்தைத் துப்புரவு செய்ய மிட்சுபிஷி கெமிக்கல் பொறுப்பேற்றது. 2011இல் வெளிவந்த விவரங்களின்படி செலவு சுமார் 10 கோடி அமெரிக்க டாலர். மாசுபட்ட மண்ணும் இடிபாடுமாக 11,000 லாரிச் சுமைகள் அகற்றப்பட்டன. சில இடங்களில் 25 அடி ஆழத்திலுள்ள பாறைவரை தோண்டினார்கள். ஒரு குன்றின் உச்சியை வெட்டி, உள்ளே புதைத்து, மேலே 20 அடிக்கு மேல் களிமண்ணும் கருங்கல்லும் போட்டு மூடினார்கள். அதற்குப் பிறகும் 80,000க்கு மேற்பட்ட கழிவு உருளைகள் அப்புறப்படுத்தக் காத்திருந்தன. இந்த எண்கள் நோயை நிரூபிக்கவில்லை. மண் மாசுபட்டிருந்தது என்பதை, அதுவும் ஆலையின் உரிமையாளர் செலவிலேயே, நிரூபிக்கின்றன. 1984இல் குட்டையருகே கருவியோடு நின்றவர்கள் சொன்னதும் அதுதான்.

புக்கிட் மேராவின் வழிமுறை தோட்டப்புறத்துக்கும் பொருந்தியது. ரப்பர் அழித்துச் செம்பனை நட்ட தோட்டங்களில் களைக்கொல்லி தெளித்த பெண்களின் உடல்நிலையைத் தெனாகனித்தா அமைப்பும் ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமும் ஆய்ந்து 2002இல் வெளியிட்டன. அவர்களில் பலர் தமிழ்ப் பெண்கள். அதே ஆண்டு ஆகஸ்ட்டில் பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்குத் தடை அறிவிக்கப்பட்டது, 2006இல் தளர்த்தப்பட்டது, 2020 ஜனவரி 1இல்தான் முழுத் தடை வந்தது. இங்கும் அதே வடிவம்: யாரும் அளக்காத உடலை அமைப்புகள் அளந்தன, அரசு முன்னே வந்தது, பின்வாங்கியது, பிறகு அந்த முடிவுக்கே திரும்பியது.

1993 தீர்ப்பின் இரண்டாவது காரணத்தையும் பின்வந்தவர்கள் மறக்கவில்லை. 2012 பிப்ரவரியில் குவாந்தானுக்கு அருகே கெபெங்கில் லைனாஸ் நிறுவனத்தின் அருமண் ஆலைக்கு அதே உரிம வாரியம் தற்காலிக உரிமத்துக்கு ஒப்புதல் தந்தபோது, ஊர்மக்கள் சட்டம் காட்டிய வாசலைத் தட்டி அமைச்சரிடம் மேல்முறையீடு செய்தார்கள். ஜூன் மாதம் அவர் அதைத் தள்ளினார். ஆனால் நிறுவனத்தின் மீது மேலும் இரண்டு நிபந்தனைகளை விதித்தார். புக்கிட் மேராவில் தோற்ற இடத்திலிருந்து குவாந்தான் தொடங்கியது. கழிவு எங்கே போகும் என்ற கேள்வியை, புக்கிட் மேராவில் ஆலை ஓடத் தொடங்கிய பின் கேட்டார்கள். குவாந்தானில் உலை மூட்டும் முன்பே கேட்டார்கள். சிம்பாங் பூலாயின் மூன்று வினைகளை நான் இப்படித் திருத்துவேன்: கேஸ் போட்டார்கள், சட்டத்தில் தோற்றார்கள், கம்பெனி மூடிக்கொண்டது, மூடாமல் இருக்க முடியாத நிலையை உண்டாக்கியவர்கள் அளந்தவர்களும் எழுதி வைத்தவர்களும் அதற்காகச் சிறை போனவர்களும்தான்.